இருமலுக்கு விட்ட இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுதினால் எழுத்து ஒரு பக்கம் சரியும், சொல்ல வந்தது இன்னொரு பக்கம் சரியும். மறதியும் கூடிவிட்டது. நேற்றுக்கூடத் தேத்தண்ணிக்குச் சீனி போட்டேனோ இல்லையோ என்று தெரியாமல் இரண்டாம் தரமும் போட்டுக் குடித்தேன்.

நாங்கள் வயதுபோனவர்கள் கூடுகிற இடத்தில், அதை நடத்துகிற பிள்ளை, "எல்லாரும் உங்கட சீவியத்தில நடந்த ஒண்டை எழுதித் தாங்கோ, சேர்த்துப் புத்தகமாப் போடுவம்" என்று கேட்டாள். நான் அங்கே வாய் திறக்கிறதில்லை. பின்வரிசையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். எழுதுகிறதென்றால் ஒருவர் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை, அதனால் சம்மதித்தேன். மற்றவர்கள் ஊரைப் பற்றி எழுதுகிறார்கள். நான் போன கார்த்திகையில் இங்கே, ரொறன்ரோவில் நடந்ததை எழுதுகிறேன்.

என் மகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கலியாணம் செய்யவில்லை. மருந்துக்கடையில் வேலை. இந்த நகரத்தின் வோபர்ன் பகுதியில் எங்களோடுதான் இருக்கிறாள். அவள் புளூட் வாசிப்பாள். நம்முடைய மூங்கில் குழல் இல்லை, வெள்ளைக்காரருடைய வெள்ளிக் குழல். அதன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன மூடிகள். அவற்றை அமத்தினால்தான் துளை அடைபடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால் பின்னால் தேவைப்படும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது அவள் சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு வாத்தியம் கொடுத்தார்கள். இவளுக்குக் கிடைத்தது அது. மற்றப் பிள்ளைகள் வருசம் முடியத் திருப்பிக் கொடுத்தார்கள். இவள் விடவில்லை. பிறகு ஒரு ரீச்சரிடம் படித்தாள், வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் ஒரு ஓர்க்கெஸ்ட்ராவோடு போய் வாசிப்பாள். அதில் இருக்கிறவர்கள் எல்லோரும் இவளைப் போலத்தான். பல் வைத்தியர், பஸ் ஓட்டுகிறவர், பென்சன் எடுத்த ரீச்சர் என்று பலவிதம். ஒருவருக்கும் சம்பளம் இல்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவது என் மனிசனின் வேலை. அவள் கார் ஓடப் பழகி, சொந்தமாகக் கார் வாங்கின பிறகும் கச்சேரி நாளில் அவர்தான் கொண்டுபோவார். ஆனால் இந்த ஓர்க்கெஸ்ட்ராக் கச்சேரி ஒன்றுக்கும் உள்ளே போனதில்லை. தேத்தண்ணிப் போத்தலையும் தமிழ்ப் பேப்பரையும் கொண்டுபோய்க் காருக்குள்ளேயே இருப்பார். மகள் கேட்டால், "பார்க்கிங் சரியில்லை பிள்ளை, ரிக்கற் எழுதிப்போட்டிடுவாங்கள்" என்பார். நானும் அவர் போகாத இடத்துக்குத் தனியப் போகக் கூச்சப்பட்டுப் போகவில்லை.

உண்மை பார்க்கிங் இல்லை. அவருக்கு இருமல். வந்த காலத்தில் பல வருசம் ஒரு தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கிற பகுதியில் நின்றார். அது நெஞ்சில் தங்கிவிட்டது. சும்மா சின்ன இருமல் இல்லை, தொடங்கினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆரம்பத்தில் ஒருமுறை மகளின் பள்ளிக்கூடக் கச்சேரிக்குப் போய் உள்ளே இருந்திருக்கிறார். வெள்ளைக்காரர் கச்சேரி கேட்கிற விதம் உங்களுக்குத் தெரியும். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல் இருப்பார்கள். இவருக்கு அந்த நேரம் பார்த்து வந்துவிட்டது. முன்னால் இருந்த ஒரு மனிசி திரும்பிப் பார்த்தாளாம். ஒன்றும் சொல்லவில்லையாம், பார்த்தாளாம். அதோடு சரி. "என்ரை இருமலாலை பிள்ளைக்கு வெக்கம் வரக்கூடாது" என்று என்னிடம் சொன்னார். "அவளுக்குச் சொல்லாதை. சொன்னால் வாங்கோ வாங்கோ எண்டு நிப்பாள்." நான் சொல்லவில்லை.

போன வருசம் கோடைகாலத்தில் மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அப்பா, இந்த முறை கொன்சேர்ட்டோ ஒண்டு செய்யினம். நான்தான் ஸொலோ" என்றாள்.

"அதென்ன?" என்றார் அவர்.

"ஒரு ஆள் முன்னுக்கு நிண்டு வாசிக்கிறது. மற்ற எல்லாரும் பின்னுக்கு இருந்து அவரோட சேர்ந்து வாசிக்கிறது. இது இருநூறு வருசத்துக்கு மேல பழசு. கரண்ட் இல்லாத காலத்தில, மெழுகுதிரி கொளுத்தி வைச்சு வாசிச்ச பாட்டு."

"முன்னுக்கு நிண்டோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"மூண்டு பாகமும் சேர்த்து அரை மணித்தியாலம் வரும்."

"ஏன், உனக்குக் கதிரை தரமாட்டினமோ?"

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே அது குறையாகப் பட்டது. பின்னால் இருக்கிறவர்களுக்கெல்லாம் கதிரை, தன் பிள்ளைக்கு மட்டும் இல்லை. பிறகு கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றபோது என்னிடம், "அரை மணித்தியாலம் எண்டால் பெரிசில்லை" என்றார். எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள், மகள் வேலைக்குப் போன பிறகு, மணிக்கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு வாயில் ஒரு இருமல் இனிப்பை வைத்துக்கொண்டு இருந்தார். இருமாமல் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பார்க்கிறாராம். நான் குசினிக்குள் நின்று பார்த்தேன். முகம் சிவந்து, கண்ணில் தண்ணி வந்து, கடைசியில் இருமினார். பல நாள் அப்படிச் செய்து பார்த்தார். கால் மணித்தியாலத்துக்கு மேல் ஒருநாளும் போகவில்லை.

"சரிவராது" என்றார் ஒருநாள். "நான் காரிலை இருந்து கண்ணாடியை இறக்கிவிடுறன். காத்திலை கேக்கும்."

ஐப்பசியில் ஒரு காலை, முகம் கழுவிவிட்டு வந்து கட்டிலில் இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இருமலால் இல்லை, இருதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவருடைய அக்கா, என் மச்சாள், பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருந்து வந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரையும் எங்களோடு நின்றார். மச்சாளைப் பற்றிக் குறைவாகச் சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திராது. ஆனால் முறைமை என்றால் முறைமைதான். வந்த அன்றே ரீவிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார். ரேடியோவின் வயரைக் கழற்றிச் சுற்றி வைத்தார். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு உள்ள வீட்டில், என் மனிசனின் படத்துக்கு முன்னால் தேவாரம் தவிர வேறு பாட்டுச் சத்தம் இல்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சத்தம் ஏதும் வேண்டும் போலவும் இருக்கவில்லை.

கச்சேரி, அந்தியேட்டிக்கு ஒரு கிழமை முந்தி வந்தது. அதாவது துடக்குக்குள். நான் அதை யோசிக்கவே இல்லை. மகளும் ஒன்றும் கதைக்கவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் மச்சாள் படுத்துவிட்டார். நான் உடுப்புத் தோய்க்கக் கீழே பேஸ்மென்றுக்கு இறங்கினேன். படியில் வருகிறபோது டிக் டிக் என்று ஒரு சத்தம். ஹீற்றர் குழாய் சூடாகிற சத்தம் என்று நினைத்தேன். ஆனால் அது ஓடியது, நின்றது, பிறகு ஆலங்கட்டி விழுகிற மாதிரிப் படபடவென்று ஓடியது. எட்டிப் பார்த்தால் மகள், தண்ணி சூடாக்குகிற தாங்கிக்குப் பக்கத்தில், பாட்டுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறாள். குழல் உதட்டில் இருக்கிறது. விரல் எல்லாம் ஓடுகிறது. ஊதவில்லை. மூடிகள் அடிபடுகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது.

பிறகு விரல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முடித்துவிட்டாள் என்று நினைத்துக் கூப்பிடப் போனேன். அவளுடைய தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அது பின்னால் இருக்கிறவர்கள் வாசிக்கிற இடமாம். அவர்கள் அங்கே இல்லாவிட்டாலும் அவர்களுக்குரிய நேரத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். பிறகு கண்ணைத் திறந்து மறுபடியும் விரலை ஓட்டினாள். நான் உடுப்புக் கூடையோடு படியில் இருந்துவிட்டேன்.

தாளைப் பிரட்டுகிறபோது என்னைக் கண்டாள். "மேல கேட்டுதோ அம்மா?"

"இல்லை."

"மாமி எழும்பீட்டாவோ?"

"இல்லை. ஏன் ஊதாமல் வாசிக்கிறாய்?"

"என்னண்டு ஊதுறது, இந்த வீட்டில." பிறகு சொன்னாள்: "விரல் மறக்காது. லிப்ஸ் தான் மறந்துபோகும். இப்பவே கன நாளாச்சு."

அவளுடைய குழுவை நடத்துகிறவர், கோல் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறவர், அனுதாபம் சொல்லி எழுதியிருந்தாராம். அடுத்த ரிகேர்சலுக்கு முன்னம் முடிவு சொன்னால் போதும், இன்னொரு பெட்டை ஆயத்தமாக இருக்கிறாள் என்றும் எழுதியிருந்தாராம்.

"நீ என்ன சொன்னனீ?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை." குழலைத் துணியால் துடைத்தாள். "அப்பா இருந்திருந்தாலும் உள்ளுக்கு வந்திருக்க மாட்டார் அம்மா. அவருக்கு உதில இன்ரறெஸ்ற் இல்லை. நான் வாசிச்சால் என்ன, விட்டால் என்ன."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்குத் தொண்டை வரையும் வந்தது. ஆனால் சொல்லாதை என்று அவர் கேட்டிருந்தார், படத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் சொல்லவும் வாய் வரவில்லை. மெசினுக்குள் உடுப்பைப் போட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அன்றைக்கு முழுக்க அந்த டிக் டிக் சத்தம் காதுக்குள் நின்றது. அடுத்த நாள், மகள் வேலைக்குப் போயிருந்தாள், மச்சாள் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். என் வாழ்க்கையில் மச்சாளோடு நான் வாக்குவாதப்பட்டதில்லை. அவர் சொல்ல நான் ஓம் சொல்லித்தான் பழக்கம்.

"மச்சாள், பிள்ளை நாளையிலை இருந்து ஊதட்டும்" என்றேன்.

"என்னத்தை?"

"குழலை."

முறிக்கிறதை நிற்பாட்டினார். "செத்த வீட்டுக்குள்ளயோ?"

"கீழதானே."

"கீழ எண்டால் வேற வீடோ? தம்பி போய் இன்னும் மாசமாகேல்லை, அவன்ரை மோள் மேடையில ஏறப்போறாளோ? சனம் என்னெண்டு கதைக்கும்? கலியாணம் கட்டிக் குடுத்திருந்தால் மூண்டு நாளோட அவளுக்குத் துடக்குக் கழிஞ்சிருக்கும். நீங்கள்தானே வைச்சிருந்தனீங்கள், இப்ப முழுக்கக் காக்கத்தான் வேணும்."

அது குத்தல்தான். ஆனால் முறைமையும் அதுதான், பொய் சொல்லவில்லை. நான் ஒரு பயித்தங்காயை எடுத்து முறித்தேன்.

"ஐயரைக் கேட்டனீங்களெல்லே, அவர் என்ன சொன்னவர்?" என்றேன்.

"கோயிலுக்குப் போகக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. வேலைக்குப் போகலாம்."

"இதுவும் வேலைதானே."

"காசு குடுக்கினமோ?"

"இல்லை."

"காசில்லாமல் என்ன வேலை?"

"நாங்கள் ரெண்டு பேரும் இப்ப செய்யிறதுக்கு ஆர் காசு தருகினம்?"

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே பயமாகிவிட்டது. மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நிற்பாட்டவில்லை, நிற்பாட்டினால் பிறகு சொல்ல முடியாது என்று தெரியும். "கனபேர் மச்சாள், இவளுக்காண்டிக் கோடையில இருந்து வாசிச்சுப் பழகியிருக்கினம். முன்னுக்கு நிக்கிற ஆள் இல்லாமல் பின்னுக்கு இருக்கிறவை என்ன செய்யிறது? அவள் பாட்டுக் கேக்கப் போகேல்லை, சந்தோசத்துக்குப் போகேல்லை. செய்யவேண்டியதைச் செய்துபோட்டு வரட்டும்."

 மச்சாள் மிச்சப் பயித்தங்காய் முழுக்க முறித்து முடித்தார். எழும்பிப் போகிறபோது, "நீர் இவ்வளவு கதைப்பீர் எண்டு தம்பிக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

அதைச் சம்மதம் என்று எடுத்து அன்றிரவே மகளிடம் ஊதச் சொன்னேன், அவளும் தானே வாசிக்கிறதாகக் கோல் பிடிக்கிறவருக்கு எழுதினாள். அடுத்த நாள் மகள் ஊதினாள். முதல் வந்தது பாட்டு இல்லை, கேத்திலில் தண்ணி கொதிக்கிற மாதிரிக் காற்று. பிறகு கீறின சத்தம். பிறகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மச்சாள் சுவாமி அறைக்கு வெளியில் நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தம்பி உந்தச் சத்தத்துக்குள்ளயோ மத்தியானத்தில நித்திரை கொண்டவன்?" என்றார்.

"ஓம். நிப்பாட்டினால் முழிச்சிடுவார்."

மச்சாள் போய்ப் படத்தின் விளக்குக்கு எண்ணெய் விட்டார்.

கச்சேரிக்கு நானும் வருகிறேன் என்று சொன்னபோது மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்கும் எனக்கும் என்று முந்தியே முன்வரிசையில் இரண்டு இடம் எடுத்து வைத்திருந்தாளாம், அவர் வரமாட்டார் என்று தெரிந்தும். ஹோல் என்றுதான் சொன்னாள். நானும் ஏதோ மண்டபம் என்று நினைத்தேன். போய் இறங்கினால் அது ஒரு பெரிய வேதக்கோயில், சேர்ச். வெளியில் சறுக்குகிற குளிர். வாசலோடு ஒரு நடை, கோட்டுகள் கொழுவுகிற இடம், அதற்கு அப்பால் பெரிய மரக்கதவு. மகள் ரிக்கற்றை என் கையில் தந்து, "முன்னுக்குப் போய் இருங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு வேறு வழியால் ஓடிவிட்டாள்.

கதவடிக்குப் போனேன். உள்ளே தூரத்தில் சிலுவையும் பீடமும் தெரிந்தது. என் கால் நின்றுவிட்டது. இந்த நாட்டில் கச்சேரி கோயிலுக்குள் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆருடைய கோயில் என்றால் என்ன, துடக்கோடு நான் எப்படிக் கோயிலுக்குள் கால் வைப்பது? மகள் வேலைக்கு வந்தவள், அது வேறு. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மச்சாளோடு நான் கதைத்த நியாயம் எனக்குப் பொருந்தாது.

ரிக்கற் பார்க்கிற ஒரு வெள்ளைக்கார மனிசி, என் வயதிருக்கும், வா வா என்று கையால் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். என் இங்கிலிசு கடைக்குப் போய்வர மட்டும்தான் காணும். வெள்ளைச் சேலையைத் தொட்டுக் காட்டி, "ஹஸ்பண்ட்" என்றேன். பிறகு கையை விரித்தேன். என்ன விளங்கினதோ, ஒரு கதிரையைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில், கோட்டுகளுக்கு நடுவில் வைத்தார். கதவைச் சாத்தினார்கள்.

கோட்டுகளில் ஈர மணம். கதவுக்கு அங்கால் கைதட்டல் கேட்டது, நின்றது. பிறகு வயலின்கள் எல்லாம் சேர்ந்து தொடங்கின. கதவுக்கூடாக வருகிறபோது சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி. குழலைக் காணவில்லை. நான் பயப்படவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற இடம் அது என்று பேஸ்மென்றில் பார்த்தேனே. நானும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு குழல் வந்தது. மெல்லிசாக, ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாலே வந்தது. ஆலங்கட்டி மாதிரி விரல் ஓடுகிற இடம் வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, இதைத்தான் படியில் இருந்து பார்த்தேன் என்று. அன்றைக்கு மூடிச் சத்தமாக இருந்தது இன்றைக்குப் பாட்டாக வருகிறது.

நெடுநேரம் போனபிறகு ஓர்க்கெஸ்ட்ரா எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய சத்தம் போட்டு, சட்டென்று நின்றது. பாட்டு முடியவில்லை. முடிகிற மாதிரி இல்லை அந்த நிற்பு, நடந்துகொண்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரேயடியாக நின்று ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. கதவுக்கூடாக ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு வரவில்லை, முன்னால் பார்த்திருப்பாள், இரண்டு இடமும் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டிருப்பாள், அழுதுவிட்டாள் என்று நினைத்தேன். எழும்பிக் கதவில் கையை வைத்துவிட்டேன். துடக்கும் நினைவில் இல்லை, கோயிலும் நினைவில் இல்லை. இன்னும் ஒரு கணம் போயிருந்தால் தள்ளியிருப்பேன்.

ரிக்கற் மனிசி என் கைக்கு மேல் தன் கையை வைத்து, காதைத் தொட்டுக் காட்டினார். கேட்டேன். குழல் தனிய வாசித்துக்கொண்டிருந்தது. மிகத் தாழ்ந்த சத்தத்தில் தொடங்கியிருந்தாள், அதுதான் எனக்குக் கேட்கவில்லை. மெல்ல மெல்ல ஏறினாள். ஒருவரும் கூட வாசிக்கவில்லை. பிறகு ஒரு இடத்தில் நின்று நடுங்கி நடுங்கி நீட்டினாள், எல்லோரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பிறகு மகளிடம் கேட்டேன். பழைய காலத்துக் கொன்சேர்ட்டோவில் அப்படி ஒரு இடம் விடுவார்களாம். எழுதினவர் அந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் வாசிக்கிற ஆளிடமே விட்டுவிடுவாராம். பேஸ்மென்றில் எனக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே மற்றவர்கள் எப்போதும் வாசிக்காமல்தானே இருந்தார்கள்.

முதல் பாகம் முடிந்தது. கைதட்டவில்லை. பிந்தி வந்த இரண்டு பேர் நடையில் என்னோடு நின்றார்கள், அவர்களை உள்ளே விடுவதற்காக மனிசி கதவைத் திறந்தார். அப்போதுதான் கேட்டேன்.

உள்ளே எல்லோரும் இருமினார்கள்.

ஒருவர் இருவர் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும், ஆணும் பெண்ணும், சின்ன இருமல், பெரிய இருமல், மூக்குச் சீறுகிற சத்தம். கார்த்திகை மாதக் குளிரில் அத்தனை பேருக்கும் தொண்டைக்குள் இருந்திருக்கிறது. பாட்டு நிற்கும்வரை அடக்கி வைத்திருந்து அந்த இடத்தில் விடுகிறார்கள். என் மனிசனைப் போலவே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு கிழவர் இருமினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோல் பிடிக்கிறவர்கூட அவர்கள் இருமி முடிக்கட்டும் என்று நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் சத்தம் அடங்கின பிறகுதான் அடுத்த பாகம் தொடங்கியது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். கால் மணித்தியாலம் அவரால் முடிந்தது. மணிக்கூட்டுக்கு முன்னால் நானே பார்த்தேன். முதல் பாகம் அவ்வளவு நேரம் வராது என்று நினைக்கிறேன்.

மனிசி என்னைப் பார்த்துவிட்டுக் கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி விட்டு, தன் சப்பாத்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுப்பாகம் முழுக்க அப்படியே நின்றார். அது ஆறுதலான பாட்டு. இடைவெளிக்குள்ளால் ஒரு தூணும், வயலின் வாசிக்கிற ஆருடையதோ முழங்கையும் தெரிந்தது. மகளைத் தெரியவில்லை. ஆனால் அவள் மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது. நான் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். அதைப் பற்றி அதிகம் எழுதத் தெரியவில்லை.

மூன்றாம் பாகத்துக்கு முந்தியும் இருமினார்கள். பிறகு வேகமான பாட்டு, பிறகு கைதட்டல்.

இடைவேளையில் மகள் குழலைக் கையில் பிடித்தபடி நடைக்கு வந்தாள். கறுப்புச் சட்டை, நெற்றியில் வியர்வை. கோட்டுகளுக்கு நடுவில் என்னைக் கண்டதும் நின்றாள்.

"நீங்கள் போயிட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"இல்லை பிள்ளை. இஞ்சதான் இருந்தனான்."

"ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"கோயிலெல்லே. துடக்கு."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "அப்பா காரில, நீங்கள் கோட்டுக்குள்ள" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒருநாளும் உள்ளுக்கு வர ஏலாது, என்ன."

அப்போது சொல்லிவிட்டேன். சொல்லாதை என்று கேட்டவர் இல்லை, இனி ஆருக்கு வெக்கம்? பார்க்கிங் இல்லை என்றேன், இருமல் என்றேன். திரும்பிப் பார்த்த மனிசியைச் சொன்னேன், மணிக்கூட்டுக்கு முன்னால் போட்ட கதிரையைச் சொன்னேன், இருமல் இனிப்பைச் சொன்னேன். சனம் கோட்டை எடுக்கவும் தண்ணி குடிக்கவும் எங்களைச் சுற்றிப் போய் வந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு சனத்துக்கு நடுவில் இவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான்.

 மகளின் விரல் குழலின் மூடிகளைச் சும்மா அமத்திக்கொண்டிருந்தது, டிக் டிக் என்று.

"அம்மா, இடையில எல்லாரும் இருமுவினம்" என்றாள். "அதுக்குத்தானே நாங்கள் நிண்டு குடுக்கிறது."

"ஓம். கேட்டனான்."

"எனக்குச் சொல்லியிருந்தால்."

"ஓம் பிள்ளை."

கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டாள், நல்ல கறுப்புச் சட்டையோடு. என் மடியில் தலையை வைக்கவில்லை, அப்படிப் பழக்கம் எங்களுக்கு இல்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செத்த வீட்டன்று அவள் அழவில்லை என்பதை அப்போதுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மச்சாள் பின்கதவடியில் மஞ்சள் தண்ணியோடு நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் தெளித்துவிட்டு, "என்ன மாதிரி?" என்றார். மகள், "நல்லா வந்துது மாமி" என்று உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் நின்றாள். மச்சாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "அங்கை எல்லாரும் இருமினவை மச்சாள்" என்றேன். மச்சாள் கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தார். "தம்பியும் உள்ளுக்குப் போயிருக்கலாம்" என்றார். அவருக்கும் அந்த விசயம் தெரிந்திருக்கிறது. தம்பி அக்காவுக்கும் சொல்லி, அவரையும் சொல்லாதை என்று கேட்டிருக்கிறார்.

இவ்வளவும்தான். நான் கதவுக்கு வெளியில் இருந்து கேட்டதால் பிழைகள் இருக்கும். மூன்று பாகம் என்று எழுதினது சரிதான், தனிய வாசிக்கிற இடம் முதல் பாகத்தில் மட்டும்தானா, மற்றதிலும் இருந்ததா என்று நினைவில்லை. முதல் பாகம் கால் மணித்தியாலத்துக்குள் முடிந்ததா என்பதும் எனக்குத் திட்டமாகத் தெரியாது, நான் மணிக்கூடு பார்க்கவில்லை. மகளிடம் கேட்கலாம், ஆனால் இன்னொருமுறை அந்தக் கதையை எடுக்க எனக்கு மனமில்லை. புத்தகம் போடுகிற பிள்ளையோ, இந்த மாதிரிக் கச்சேரிகளுக்குப் போய்ப் பழகினவர் ஆராவதோ இவற்றைப் பார்த்துத் திருத்திவிடுங்கோ. முக்கியமாக, பாகத்துக்கும் பாகத்துக்கும் இடையில் இருமலாம் என்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தானா, அந்தக் கோயிலில் மட்டுமா என்று கேட்டுச் சொல்லுங்கோ. படத்துக்கு முன்னால் நின்று நான் அதை அவருக்குச் சொல்லிவிட்டேன். பிழை என்றால் திருத்திச் சொல்ல வேண்டும்.